கனகவல்லி வீட்டுக்காரர் குளிச்சிட்டிருக்காரு

சிரிக்கிறதையே பொழப்பா வச்சிருக்கிற சனங்க நாங்க, வியாசர்பாடியிலேருந்தும் கொடுங்கையூருலேருந்தும் விடிஞ்சும் விடியாம வேன் ஏறி, பூ வச்சு, பவுடர் அடிச்சு, ராமாபுரத்துக்குப் பின்னால பழைய குடோனை மாத்திக் கட்டின அந்த டிவி செட்டுல வரிசையா உக்காந்து, ஜோக்கு என்னன்னு தெரியறதுக்கு முன்னாலயே சிரிச்சுக் குடுத்துட்டு வர்றவங்க. முன்னாலன்னா நெசமாவே முன்னாலதான். எங்க மூஞ்சி பளிச்சுன்னு இருக்கிற காலை நேரத்துலயே எங்க சிரிப்பை மொத்தமா எடுத்து வச்சுக்குவாங்க. அசிஸ்டென்ட் டைரக்டர் மஞ்ச கர்ச்சீப்பை லேசா ஆட்டினா புன்சிரிப்பு, சுத்தினா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிப்பு, தலைக்கு மேல தூக்கினா பக்கத்துல இருக்கிறவ தோள்ல சாஞ்சு கண்ணைத் தொடைச்சுக்கணும், அவ்ளோதான் எங்க வேலை. அதுக்கப்புறம்தான் நடிக்கிறவங்க மேடைக்கு வருவாங்க, நாங்க காலைல சிரிச்சதைப் பின்னால வேணுங்கிற எடத்துல ஒட்டிக்குவாங்க. ஆளைச் சேத்து வேன் ஏத்துறது நான். என் பேரு ரெஜினா. அந்த வேன்ல என்கிட்ட திட்டு வாங்காத ஆளு இல்ல, என்னைத் திட்டாத ஆளும் இல்ல.

"சனிக்கிழமை சத்திரம்"னு ஒரு ஷோ, சின்னச் சின்னக் காமெடி நாடகமா போடுவாங்களே, அதுல எல்லாரும் மாறிப்போன ஒரு சீசன்ல நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அதுல ஹவுஸ் ஓனர் கனகவல்லின்னு ஒரு வேஷம் இருந்துச்சு, மஞ்ச நைலக்ஸ் சேலை, கன்னத்துல மை வச்ச மரு, இடுப்புல சாவிக்கொத்து. போட்டது காசிமேட்டு ஆளு வேம்புலி, மீசையை மழிச்சுட்டு சேலையைக் கட்டி இடுப்புல கையை வச்சுட்டான்னா அவனைப் பெத்தவளே அவனை 'வாம்மா'ன்னு கூப்பிட்டிருப்பா. குடித்தனக்காரன் தும்மினாலும் கனகவல்லி வந்து நிப்பா, "மோட்டாரு போட்டது யாரு?"ன்னு கேப்பா, சண்டை முத்தும், கடைசியில மேடை ஓரத்துல இருக்கிற பாத்ரூம் கதவைப் போயி தட்டுவா, "ஏங்க, வெளிய வாங்க, இங்க நியாயம் கேக்க ஒரு ஆம்பளை வேணும்"பா, உள்ள மொண்டு ஊத்துற தண்ணி சத்தம் கேக்கும், அதோட முடிஞ்சுது. எட்டு வருஷமா அந்த வீட்டுக்காரர் ஏகாம்பரம் குளிச்சுட்டே இருந்தாரு, நாடே பாத்துச் சிரிச்சுது.

அந்தக் கதவு கதவே இல்ல. நாலு பக்கமும் ஆணி அடிச்ச ப்ளைவுட்டு, பின்னால வயரும் ஒடைஞ்ச நாற்காலியும் ஒரு பக்கெட்டும் கெடக்கும், லைட்டு புடிக்கிற ஆளு எவனாவது கையை விட்டுத் தண்ணியை அலசுவான்.

அந்த செட்டுல ஒரு பழக்கம் உண்டு. ஆர்ட்டிஸ்ட் யாரு வேலையை விட்டுப் போனாலும், அவங்க போட்ட வேஷத்தை ஊருக்கு பஸ் ஏத்தி விடுற மாதிரி கடைசியா ஒரு சீனு எழுதி எடுத்துடணும். ஏட்டய்யாவா நடிச்சவரு போனப்ப ஏட்டய்யா தேனிக்கு மாத்தலாகி பஸ் ஏறினாரு, பல் டாக்டரம்மா கல்யாணம் ஆகி சேலத்துக்கு ஏறினாங்க, கிளி ஜோசியரு கிளியோட ஏறி அதுக்கு அரை டிக்கெட்டு கேட்டாரு. முதல் நாள் பூசணிக்காய் சுத்தி ஒடைக்க மறந்தாலும் மறப்பாங்க, பஸ் ஏத்துறதை மறக்க மாட்டாங்க. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம்தான் மறந்தாங்க. வேம்புலிக்கு சினிமாவுல நல்ல சான்ஸு வந்துச்சு, அதே வாரம் ஆரம்பத்துலேருந்து எழுதிக்கிட்டிருந்த மருதப்பன் சாரு சேனல்காரங்களோட வாய்த்தகராறு ஆகி, பாதி குடிச்ச டீயை அப்படியே வச்சுட்டுப் போயிட்டாரு, இன்னும் ரெண்டு பேரு வேற சேனலுக்குத் தாவினாங்க, கேமராக்காரரு கூட மாறினாரு. பழசு எடுத்திருப்பாங்கன்னு புதுசு நெனச்சுது, புதுசு எடுத்துக்கும்னு பழசு நெனச்சுது. கனகவல்லி போறான்னு யாரும் எழுதல. எழுதாததால அவ போகல.

புது சீசனோட முதல் நாளு நாங்க வேனை விட்டு எறங்குறப்பவே மேக்கப் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு அவ கேட்டா, "மோட்டாரு போட்டது யாரு?"ன்னு. அதே சேலை, அதே மரு, சாவிக்கொத்து. உள்ள வேம்புலி இல்ல. எப்படித் தெரியும்னா, மேக்கப் போடுறவரு மருவைச் சரி பண்ணலாம்னு பஞ்சால துடைச்சாரு, அழியல, நெஜ மரு. அதே நேரத்துல வேம்புலி பொள்ளாச்சியில ஷூட்டிங்ல இருந்தான், மேனேஜர் தணிகாசலம் வீடியோ கால் போட்டு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, போனை வச்சுட்டு, "சரி, ஒரு சாப்பாடு கூடச் சொல்லுங்கப்பா"ன்னாரு.

கூட ஒண்ணு போதல. கனகவல்லி ரெண்டு விரலைக் காட்டி ரெண்டு பொட்டலம் கேட்டா. ஒண்ணைத் தான் சாப்பிட்டுட்டு இன்னொண்ணை ஒரு பையில போட்டு பாத்ரூம் கதவு கைப்பிடியில மாட்டி வச்சா. சாயங்காலம் அது தொடாம தொங்கும், அவளே எடுத்துக் காக்காய்க்குப் போட்டுட்டு, மறுநாள் மறுபடி மாட்டுவா. எங்க வேன்ல வர்ற ஒருத்தி, "அந்தக் கதவுக்குப் பின்னால பக்கெட்டுதான் இருக்குன்னு சொல்லிடலாமாக்கா?"ன்னு என்கிட்ட கேட்டா. உன் வீட்டுக்காரன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமாடின்னு கேட்டேன்.

ஊருலகம் எதையெல்லாம் சகிச்சுக்குது, இதைச் சகிச்சுக்காதா. யூனியன்லேருந்து ரெண்டு பேரு வந்து, நடிக்கிறவங்களுக்குத்தான் கார்டு வேணும், இந்தம்மா நடிக்கலையே, அது பாட்டுக்கு இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. முன்வரிசையில ஒரு கெழவரு மூணாவது வாரமே அவகிட்ட ரெண்டு ரூம் வீடு காலியா இருக்கான்னு கேட்டாரு, அவ "கரண்டு பில்லு தனி"ன்னா, அவரு யோசிச்சுச் சொல்றேன்னு நெசமாவே யோசிச்சாரு. வாட்ச்மேனுக்கு ரொம்ப சௌகரியம், ராத்திரியெல்லாம் அவளே செட்டைச் சுத்தி வந்து குழாயை மூடிட்டு, அந்தக் கதவு பக்கத்துல உக்காந்துக்குவாளாம். எங்க பொம்பளைங்க பாத்ரூம் போயிட்டு வந்தா தண்ணியை நிறுத்தினியான்னு அதட்டுவா, இவளுங்களும் நிறுத்தினேன்கான்னு பயந்து பதில் சொல்லுவாளுங்க. ஒரு மாசத்துல, அவ இல்லாத செட்டை நெனச்சுப் பாக்கவே எங்களால முடியல.

ஆனா அவகிட்ட இருந்த பேச்சு மொத்தமும் மருதப்பன் சாரு எழுதினதுதான். அதைத்தான் திருப்பித் திருப்பி எடம் பாத்து வச்சுப் பேசுவா. கோவம், அதட்டல், நையாண்டி, அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. எங்க மேரிக்குப் புள்ள கலைஞ்சுபோயி ஒரு வாரம் கழிச்சு வந்து ஓரமா உக்காந்து அழுதப்ப, கனகவல்லி கிட்ட வந்து நின்னா, வாயைத் தொறந்தா, மூடினா, அப்புறம் "செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது"ன்னு ரொம்ப மெதுவாச் சொல்லி அவ தலையைத் தடவினா.

மருதப்பன் சாரு எடத்துக்கு எழுத வந்தது நஸ்ரின், ஆம்பூர்க்காரப் பொண்ணு, ரேடியோவுல நாடகம் எழுதினது, பேச்சுல சுறுக்கு, கண்ணாடியைத் தலை மேல வச்சுக்கிட்டே கண்ணாடியைத் தேடும். மேரிகிட்ட கனகவல்லி சொன்னதை அந்தப் பொண்ணும் கேட்டுக்கிட்டுதான் நின்னுச்சு. அடுத்த ஷூட்டிங்குக்கு, சண்டைக்கு நடுவுல, சம்பந்தமே இல்லாம கனகவல்லிக்கு ஒரு வரி எழுதி வந்துச்சு. "சாப்டீங்களா?" அவ்ளோதான். சேனல்காரங்க இது எதுக்கு, இதுல ஜோக்கு எங்கன்னு கேட்டாங்க, வேகமா பேசுறப்ப ஜோக்கு தானா வந்துடும் சார்னு நஸ்ரின் சொல்லி ஏமாத்திடுச்சு.

அன்னைக்குக் கனகவல்லி அந்த வரியைப் புடிச்சுக்கிட்டா. டேக் முடிஞ்சதும் கேமராக்காரர்கிட்ட கேட்டா, சாப்டீங்களான்னு. லைட்டு ஆளுங்ககிட்ட கேட்டா, வாட்ச்மேன்கிட்ட கேட்டா, வரிசை வரிசையா எங்க ஒவ்வொருத்தி முன்னாலயும் நின்னு கேட்டா, சாப்டேன்னு சொல்ற வரைக்கும் நகரல. என் புருஷன் இருந்த வரைக்கும் என்னை அப்படிக் கேட்டதில்ல, என் புள்ளைங்களுக்கு நேரமில்ல, நான் சாப்பிட்டுட்டுதான் வந்திருந்தேன், இருந்தாலும் இன்னொரு தடவை கேக்கட்டும்னு இல்லன்னு தலையை ஆட்டினேன். கடைசியா அவ கதவுகிட்ட போயி காதை வச்சுக்கிட்டு கேட்டா. உள்ளேருந்து ஒண்ணும் வரல. கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டா.

அதுக்கப்புறம்தான் ஆதித்யன் சாருன்னு சேனல்லேருந்து புதுசா ஒருத்தரு வந்தாரு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன், எங்களுக்கு ஃபேன் போடச் சொன்ன முதல் ஆளு அவருதான். சீசன் முடியுது, அடுத்த சீசன்லேருந்து எல்லாம் அப்பார்ட்மென்ட்டு, லிஃப்டு, ஜிம்முன்னு இருக்கணும், ஹவுஸ் ஓனரு கதையெல்லாம் போதும், செட்டைப் பிரிச்சு மரக்கடைக்குப் போட்டுடுங்க, அந்தம்மாவை உங்க வழக்கப்படி பஸ் ஏத்தி விட்டுடுங்கன்னு சொல்லிட்டாரு. செட்டுன்னா அதுல அந்தக் கதவும் சேத்திதான்.

நஸ்ரின் பஸ் சீனை எழுதுச்சு. கனகவல்லி சிதம்பரத்துல பொறந்த வீட்டுக்குப் போற மாதிரி, பஸ்ஸுல ஏறிக்கிட்டே டிரைவரைப் பாத்து மோட்டாரு போட்டது யாருன்னு கேக்குற மாதிரி, நல்லாதான் இருந்துச்சு. எழுதினதைக் கனகவல்லிகிட்ட படிச்சுக் காட்டுச்சு. அவ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா. பஸ் ஏறுற எடம் வந்ததும் எழுந்து கதவுகிட்ட போயி நின்னுக்கிட்டா.

"அவரு வெளிய வரட்டும்"னா. "ரெண்டு பேருமாப் போறோம்."

இதை மருதப்பன் சாரும் எழுதல, நஸ்ரினும் எழுதல. தணிகாசலம் மெதுவா, "செட்டை வியாழக்கிழமை பிரிக்கிறாங்கம்மா"ன்னாரு. அவ சாப்டீங்களான்னு கேட்டா.

சரி, ஒரு ஆம்பளையை உள்ள விட்டு வெளிய வரவச்சா தீந்துச்சுன்னு ஆசாரியைக் கூப்பிட்டு ஆணியைப் புடுங்கிக் கீல் வச்சாங்க. சீரியல்ல அப்பாவா வர்ற ஒருத்தரைக் கூட்டி வந்து ஒத்திகை பாத்தாங்க. அவரு துண்டும் தோளுமா வெளிய வந்து "கனகு"ன்னாரு. கனகவல்லி அவரை மேலேருந்து கீழ பாத்தா, கை தானா இடுப்புக்குப் போச்சு, "வாடகை அஞ்சாந்தேதிக்குள்ள வரணும்"னுட்டா. ஒசரமா ஒருத்தரு வந்தாரு, "ரெண்டு பேருக்கு மேல தங்கக் கூடாது"ன்னா. கூத்து கட்டுற மனுஷரு ஒருத்தரு வந்து, மண்டி போட்டு, நெசமாவே அழுது கூப்பிட்டாரு, நாங்களே நம்பிட்டோம், அவ "கேட்டைச் சாத்திட்டுப் போங்க"ன்னா. எல்லாரும் அவளுக்குக் குடித்தனக்காரங்கதான். ஒவ்வொருத்தரு போனப்புறமும் அந்தத் தொறந்த கதவுக்குள்ள எட்டிப் பாக்காம, கண்ணைத் திருப்பிக்கிட்டு, அவளே அதை இழுத்துச் சாத்துவா, குளிக்கிற ஆம்பளைக்கு மரியாதை குடுக்கிற மாதிரி.

இப்படியே வியாழக்கிழமைக்கு முந்தின நாளு, கடைசி ஷூட்டிங்கும் வந்துச்சு. காலைல நான் ஆளுங்களை எண்ணி வேன் ஏத்துறப்ப கடைசி சீட்டுல தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருந்தான். யாரு இதுன்னு தொப்பியைத் தூக்கினேன், வேம்புலி.

"நீ எங்கடா இங்க? சினிமா ஸ்டாரு வேன்ல வர்றியா?"

"கத்தாதக்கா. சினிமால்லாம் அவ்ளோதான். சிரிக்கிறவனா கூட்டினு போ, ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்."

வண்டி மூலக்கொத்தளம் தாண்டினதும் தானா சொன்னான். பொள்ளாச்சியில டைரக்டரு அந்த ஹவுஸ் ஓனரம்மா மாதிரி ஒண்ணு பண்ணுங்கன்னாராம். இவன் சேலை கட்டி நின்னிருக்கான், கை இடுப்புக்குப் போகலையாம். குரலு வரலையாம். சரி, ஆம்பளையா ஏதாவது பண்ணுங்கன்னாங்களாம், அதுவும் வரலையாம். "எதைப் பண்ணாலும் உள்ள யாருமே இல்லாத மாதிரி இருக்குதுக்கா. எல்லாத்தையும் வெட்டிட்டாங்க, படத்துல என் முதுகு மட்டும் வருது. அவ இங்கதான் இருக்கான்னு தணிகாசலம் சார் வீடியோல காட்டினப்பவே புரிஞ்சுது. என்னை வுட்டுட்டு இங்கயே தங்கிட்டா. வந்து பாக்கத்தான் பயம்."

"எதுக்குப் பயம், அவ இன்னா உன்னைக் கடிக்கவா போறா."

"நான்தானேக்கா அவ புருஷனை உள்ள போட்டுப் பூட்டினது. ஆரம்பத்துல புருஷன் வேஷத்துக்கு ஆள் கெடைக்கல. அவரு குளிக்கிறாருன்னு சொல்லிடலாம் சார்னு நான்தான் மருதப்பன் சார்கிட்ட சொன்னேன். அன்னைக்கு ஒரு நாளுக்குத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க, அப்படியே எட்டு வருஷம் ஓடிப்போச்சு."

எனக்கு வந்துச்சே கோவம். சிரிச்சீங்கன்னு எங்க மேல வேற பழியைப் போடுறான். "உள்ள வச்சவன் நீதானே, உன் வாயால சொன்னதுதானே? அப்ப நீயே போயி கூட்டினு வா. வேற எவன் போனாலும் அவ வாடகை கேக்குறா"ன்னேன். அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். செட்டு வந்ததும் நான் அவனை எங்களோட உக்கார விடல, சட்டையைப் புடிச்சுக் கொண்டுபோயி நஸ்ரின் முன்னால நிறுத்தினேன். அந்தப் பொண்ணு அவனை ரொம்ப நேரம் பாத்துச்சு, கண்ணாடியைத் தலையில தேடிச்சு, அப்புறம் "ஒரே ஒரு வரிதாண்ணா எழுதியிருக்கேன், சோப்பு தீந்துபோச்சு அதான் லேட்டுன்னு, அதைச் சொன்னாப் போதும்"னுச்சு.

வழக்கம்போல முதல்ல எங்க சிரிப்பை எடுத்தாங்க. கர்ச்சீப்பு ஆடுச்சு, சுத்துச்சு, தலைக்கு மேல போச்சு, நாங்களும் ஒருத்தி தோள்ல ஒருத்தி சாஞ்சு கண்ணைத் தொடைச்சோம். மேரி நெசமாவே தொடைச்சா. அதுக்குள்ள வேம்புலி அவ கண்ணுல படாம பின்பக்கமாப் போயி அந்தக் கதவுக்குப் பின்னால ஒடைஞ்ச நாற்காலியில உக்காந்துட்டான். மதியானம் கனகவல்லி வழக்கம்போல பொட்டலத்தைக் கொண்டுபோயி கைப்பிடியில மாட்டினா. கொஞ்ச நேரத்துல கதவு இடுக்கு வழியா ஒரு கை வந்து அதை உள்ள எடுத்துக்கிச்சு, நான் பாத்தேன், அவ பாக்கல.

சாயங்காலம் சீனு ஆரம்பிச்சுது. குடித்தனக்காரன் தும்மினான், மோட்டாரு போட்டது யாருன்னு அவ வந்தா, சண்டை நடந்துச்சு, எல்லாம் எட்டு வருஷமா நடக்கிற மாதிரியே நடந்துச்சு. அவ கதவுகிட்ட போனா. தட்டினா. "ஏங்க, வெளிய வாங்க"ன்னா. நியாயம் கேக்க ஒரு ஆம்பளை வேணும்னு சேத்துச் சொல்லணும், சொல்லல. உள்ள தண்ணி சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அது நின்னுது. எட்டு வருஷத்துல அந்தத் தண்ணி நின்னு நாங்க கேட்டதில்ல.

கதவு தொறந்துச்சு. வேம்புலி பக்கெட்டு தண்ணி மொத்தத்தையும் தலையில ஊத்திக்கிட்டு, இடுப்புல துண்டோட, புதுசா வளத்திருந்த மீசையில தண்ணி சொட்டச் சொட்ட நின்னான், கையில அந்தச் சாப்பாட்டுப் பை, காலியா. சோப்பு தீந்துபோச்சுன்னு சொல்ல வாயைத் தொறந்தான், வார்த்தை வரல. ஆதித்யன் சாரு கூட நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. நாங்க எல்லாரும் அவ கையைத்தான் பாத்தோம், இடுப்புக்குப் போகுதா, இப்ப வாடகை கேப்பாளான்னு. கை போகல. அது பாட்டுக்குத் தொங்குச்சு. அவ அவனை ரொம்ப நேரம் பாத்தா, மூஞ்சியில கோணலும் இல்ல, கோவமும் இல்ல.

"சாப்டீங்களா?"ன்னா.

அவன் அழுதுட்டான். அழுதுக்கிட்டே, "சாப்டேன்மா. ஆறிப்போயிருந்துச்சு, நல்லாதான் இருந்துச்சு"ன்னான்.

கர்ச்சீப்பு வச்சிருந்த பையன் அதை என்ன பண்றதுன்னு தெரியாம மடிச்சு மடிச்சுப் புடிச்சுக்கிட்டிருந்தான். நாங்க ஒருத்தரும் சிரிக்கல. டிவியில அந்த எடத்துல நீங்க ஒரு பெரிய சிரிப்பு கேட்டிருப்பீங்க, அது காலைல எடுத்தது. கனகவல்லி தலைப்பால அவன் தலையைத் துவட்டிவிட்டா, சாவிக்கொத்தை இடுப்புலேருந்து உருவி முன்வரிசையில இருந்த என் மடியில போட்டா, ரெண்டு பேரும் மேடையை விட்டு எறங்கி, எங்க வரிசைக்கு நடுவுல நடந்து, கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாங்க. நஸ்ரின் எழுதின பஸ்ஸு செட்டுல அட்டையில நின்னுக்கிட்டிருந்துச்சு, அது யாருக்கும் ஞாபகம் வரல. நெஜ பஸ்ஸு வந்துச்சு, முதல்ல அவ ஏறினா, ஈரத் துண்டோட அவன் ஏறினான். வியாழக்கிழமை ஆளுங்க வந்து செட்டைப் பிரிச்சுட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு, லிஃப்டும் ஜிம்மும் இருக்கிற புது செட்டுக்கு நாங்க போறப்ப, அம்பேத்கர் காலேஜ் ஸ்டாப்புல வேம்புலி கையைக் காட்டி எங்க வேனை நிறுத்தி ஏறிக்கிட்டான். எல்லாரும் அவனைச் சூழ்ந்துக்கிட்டு, எங்க அவ, எங்கடா கொண்டுபோயி விட்டேன்னு கேட்டோம். மேரி அவன் சட்டையையே புடிச்சுட்டா.

"சன்னலோரமா உக்காந்தாக்கா. நான் பக்கத்துல. கண்டக்டரு வந்தாரு, ரெண்டு டிக்கெட்டு கேட்டேன். அவரு என்னைப் பாத்தாரு, சீட்டைப் பாத்தாரு, ஒண்ணுதான் கிழிச்சாரு. ஒரு ஆளுக்கு எதுக்குய்யா ரெண்டுன்னாரு."

மேரி சட்டையை விட்டுட்டா.

"நான் திரும்பிக்கூடப் பாக்கலக்கா, அதுக்குள்ள," அப்படின்னு சொல்லிக்கிட்டே எழுந்தான், ஓடுற வேன்ல கம்பியைப் புடிக்காம நின்னான், கை தானா இடுப்புக்குப் போச்சு, குரலு மாறிச்சு, "இன்னாய்யா கண்டக்டரு, பக்கத்துல எங்க வீட்டுக்காரரு உக்காந்திருக்காரு, கண்ணு தெரியல?"ன்னா கனகவல்லி.

நாங்க சிரிச்சோம் பாருங்க, மேரி என் தோள்ல சாஞ்சு, நான் மேரி தோள்ல சாஞ்சு, டிரைவரு வண்டியை ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங்ல தலையை வச்சுச் சிரிச்சாரு, கர்ச்சீப்பு காட்ட அங்க ஒருத்தரும் இல்ல. சிரிப்பு அடங்குனதும் அவ ஒவ்வொரு சீட்டா வந்து எங்களைக் கேட்டா, சாப்டீங்களான்னு.